ஹிமாலயனுக்கு சைடு ஸ்டாண்டு எக்ஸ்டெண்டர்: வாங்கும் முன்பும் மாட்டும்போதும் பார்க்க வேண்டியவை

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் மாதிரி பைக் வாங்கினவர்கள் எல்லோருக்கும் கொஞ்ச நாளில் சைடு ஸ்டாண்டுக்கு எக்ஸ்டெண்டர் மாட்டும் யோசனை வந்துவிடும். மழை பெய்த மண்ணில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனால் திரும்பி வருவதற்குள் ஸ்டாண்டு மண்ணுக்குள் இறங்கி வண்டி இடது பக்கம் படுத்திருக்கும். கிட்டத்தட்ட 200 கிலோ வண்டி, பெட்டிகளோடு சேர்த்தால் இன்னும் மேலே. தூக்கி நிறுத்துவதற்குள் கிளட்ச் லீவரும் கண்ணாடியும் போயிருக்கும். அதற்குத்தான் ஸ்டாண்டின் பாதத்தை அகலப்படுத்தும் இந்தச் சின்னத் தகடு. பார்க்க நாலு போல்ட் வேலை மாதிரிதான் தெரியும். ஆனால் எனக்கு முதலில் வந்த தகடு என் வண்டிக்கே சேரவில்லை, இரண்டாவது சேர்ந்தது ஆனால் வண்டி குச்சி மாதிரி நேராக நின்றது, அதற்கு அப்புறம்தான் எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று பிடிபட்டது. நீங்கள் அந்த அலைச்சல் படவேண்டாம்.

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411, 450 இரண்டையும் மனதில் வைத்து எழுதுகிறேன். வேறு அட்வென்ச்சர் வண்டி வைத்திருந்தாலும் படிகள் இவைதான், அளவுகள் மட்டும் மாறும்.

1. முதலில் உங்களுக்கு இது தேவையா?

வண்டியை எப்போதும் சிமெண்ட் தரையிலும் தார் ரோட்டிலும்தான் நிறுத்துகிறீர்கள் என்றால் பணத்தை மிச்சம் பிடியுங்கள். சித்திரை வெயிலில் இளகின தாரில் ஸ்டாண்டு பதிவது உண்டுதான், ஆனால் அதற்கு டேங்க் பையில் ஒரு தட்டையான பிளாஸ்டிக் வில்லை வைத்துக்கொண்டால் போதும்.

மண், சரளை, ஆற்றுப்படுகை, ஏலகிரி கொல்லிமலைப் பக்கம் தங்கும் வீடுகளின் புல்தரை, தனுஷ்கோடி மணல் என்று போகிறவராக இருந்தால் கட்டாயம் மாட்டலாம். கணக்கு எளிது. பாதம் 5 செ.மீ.க்கு 4 செ.மீ. இருந்தால் மொத்தம் 20 சதுர செ.மீ. அதையே 9-க்கு 7 ஆக்கினால் 63. அதே பாரம் மூன்று மடங்கு பரப்பில் பரவுகிறது, அதனால் மண்ணில் இறங்குவது அந்த அளவுக்குக் குறைகிறது.

ஒரு வகையினர் மட்டும் இப்போதே நிறுத்திக்கொள்ளுங்கள்: கால் எட்டவில்லை என்று லோயரிங் லிங்க் போட்டு வண்டியை இறக்கியவர்கள். உங்கள் வண்டி ஏற்கெனவே ஸ்டாண்டில் நேராகத்தான் நிற்கும். அதற்கு அடியில் இன்னும் ஒரு தகடு வைத்தால் வலது பக்கம் சாய்ந்துவிடும். முதலில் ஸ்டாண்டைக் குட்டையாக்க வேண்டும், அது வெல்டிங் வேலை, தனிக் கதை.

2. அளவு எடுங்கள், மாடல் பெயரை நம்பாதீர்கள்

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். இணையக் கடைகளில் "ஹிமாலயனுக்கானது" என்று மொட்டையாகப் போட்டிருப்பார்கள். 411 என்பது 2016-இல் வந்த வண்டி, 450 என்பது 2023 நவம்பரில் வந்த முற்றிலும் வேறு வண்டி, சேசிஸே வேறு. எனக்கு அனுப்பிய விற்பனையாளர் "எல்லா ஹிமாலயனுக்கும் பொருந்தும் சார்" என்றுதான் சொன்னார். பொருந்தவில்லை, திருப்பி அனுப்பும் செலவும் என் தலையில் விழுந்தது.

அதனால் வாங்கும் முன் ஐந்து நிமிடம் செலவழியுங்கள். ஸ்டாண்டின் பாதத்துக்கு அடியில் ஒரு அட்டையை வைத்து பென்சிலால் சுற்றி வரையுங்கள். நீளம், அகலம் தெரிந்துவிடும். பாதத்தின் தடிமனை வெர்னியர் இருந்தால் அதிலும் இல்லாவிட்டால் ஸ்டீல் ஸ்கேலிலும் எடுங்கள், ஏனென்றால் எக்ஸ்டெண்டரின் மேல் தகடும் கீழ்த் தகடும் இந்தத் தடிமனைத்தான் கவ்விப் பிடிக்கப் போகின்றன. கடைசியாக, ஸ்டாண்டின் தண்டு பாதத்தில் எந்த இடத்தில் வெல்டு ஆகியிருக்கிறது, அந்த வெல்டு மேடு எவ்வளவு பரவியிருக்கிறது என்று ஒரு போட்டோ. மேல் தகட்டில் உள்ள வெட்டு அந்த மேட்டில் இடித்தால் எவ்வளவு இறுக்கினாலும் ஆடும்.

இந்த அட்டை வரைபடத்தையும் போட்டோவையும் விற்பவருக்கு அனுப்பி, "எந்த மாடல், எந்த வருடம்" என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். பின்னால் திருப்பி அனுப்ப வேண்டி வந்தால் அந்த பதில்தான் கைகொடுக்கும்.

3. எந்த மாதிரி வாங்குவது?

உங்களுக்கு வேண்டியது அகலம்தான், உயரம் ஏறக்கூடாது. கீழ்த் தகடு எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்று கேளுங்கள். 5, 6 மி.மீ. என்றால் நல்லது. 10-ஐத் தாண்டினால் வேண்டாம். ஸ்டாண்டின் பாதம் சக்கரக் கோட்டிலிருந்து சுமார் 35 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அடியில் 10 மி.மீ. ஏறினால் வண்டி ஒன்றரை டிகிரிக்கு மேல் நிமிரும். சாதாரணமாகவே பத்து பன்னிரண்டு டிகிரிதான் சாய்ந்து நிற்கிறது என்னும்போது இது சின்ன விஷயம் இல்லை. விளம்பரப் படத்தில் கம்பீரமாகத் தெரியும் தடித்த தகடுகள்தான் வண்டியை வலது பக்கம் கவிழ்ப்பவை. டயரை உயரமானதாக மாற்றியோ சஸ்பென்ஷனை உயர்த்தியோ இருந்து, வண்டி அளவுக்கு மீறிச் சாய்ந்து நிற்கிறது என்றால் மட்டும் தடித்ததை யோசிக்கலாம்.

அடுத்து போல்ட். போல்ட்டின் தலை கீழ்ப் பக்கம் வந்தால் அது தகட்டுக்குள் புதைந்து உட்கார வேண்டும். வெளியே துருத்திக்கொண்டிருந்தால் ரோட்டில் தேய்ந்து ஆலன் கீ போகும் குழியே மழுங்கிவிடும், அப்புறம் கழற்றவே முடியாது, துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். தலை மேலே இருந்து, மரை கீழ்த் தகட்டில் இருக்கும் மாதிரிகள்தான் என் கணக்கில் நல்லவை.

அலுமினியமா இரும்பா? அலுமினியம் எடை குறைவு, துரு இல்லை, ஆனால் சரளையில் சீக்கிரம் தேயும். இரும்பு நாள்பட உழைக்கும், ஆனால் ஸ்டாண்டின் நுனியில் கனம் கூடும். அந்தக் கனம் ஒரு பிரச்சினை, 7-ஆம் படியில் சொல்கிறேன்.

4. செலவு, பில், மற்ற காகிதங்கள்

உள்நாட்டுத் தயாரிப்புகள் ஐந்நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு வரை கிடைக்கின்றன. எஸ்டபிள்யூ மோடெக், டூராடெக் போன்ற ஜெர்மன் பிராண்டுகள் என்றால் பல மடங்கு. வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைத்தால் சுங்கவரி, ஜி.எஸ்.டி., கூரியர்காரரின் கையாளும் கட்டணம் எல்லாம் வீட்டு வாசலில் சேரும். அவர்கள் கே.ஒய்.சி. கேட்பார்கள், ஆதாரோ பான் அட்டையோ ஸ்கேன் செய்து தயாராக வையுங்கள், தாமதமானால் பார்சல் கிடங்கிலேயே கிடக்கும். ஒரு தகட்டுக்கு இவ்வளவு தேவையா என்றால், என்னைக் கேட்டால் இல்லை.

சென்னையில் இருப்பவர்கள் ஜி.பி. ரோடு கடைகளில் வண்டியோடு போய் வைத்துப் பார்த்தே வாங்கலாம். கோவையிலோ அம்பத்தூரிலோ லேசர் கட்டிங் அல்லது லேத் பட்டறை தெரிந்தவர் இருந்தால் உங்கள் அட்டை வரைபடத்தைக் கொடுத்தே வெட்டி வாங்கலாம். ஆனால் ஒரே ஒரு துண்டுக்கு வேலை எடுக்க அவர்கள் யோசிப்பார்கள், நாலு நண்பர்கள் சேர்ந்து போங்கள்.

எங்கே வாங்கினாலும் பில் வேண்டும். இணையத்தில் வாங்கினால் பார்சலைப் பிரிப்பதை முதலிலிருந்து இடைவெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். திருப்பி அனுப்பும் அவகாசம் பல கடைகளில் ஒரு வாரம்தான். அதிலும் போல்ட் இறுக்கின கீறல் விழுந்துவிட்டால் வாங்க மாட்டார்கள்.

சட்டப்படி பிரச்சினை வருமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம் வரை போகலாம். ஸ்டாண்டு பாதத்தின் தகடு ஆர்.சி.யில் எந்த விவரத்தையும் மாற்றுவதில்லை, கழற்றினால் வண்டி பழையபடி ஆகிவிடும். ஆனால் ஸ்டாண்டு இறங்கியிருந்தால் என்ஜினை அணைக்கும் ஸ்விட்சைத் துண்டித்துவிட்டு ஓட்டுவது முற்றிலும் வேறு விஷயம், அதைச் செய்யாதீர்கள்.

இன்சூரன்ஸில், வண்டியோடு வராத உபரிப் பொருளை அறிவித்து பாலிசியில் சேர்த்தால்தான் அதற்குப் பணம் வரும். சேர்த்திருந்தாலும், வண்டியே திருடு போனால் ஒழிய உபரிப் பொருள் மட்டும் திருடு போனதற்கு வழக்கமான டூ வீலர் பாலிசியில் எதுவும் கிடைக்காது. ஆயிரம் ரூபாய்த் தகட்டுக்கு அந்தத் தலைவலி வேண்டாம். வாரண்டி இருக்கும் வண்டி என்றால் மாட்டும் முன் சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை கேட்டு, முடிந்தால் பதிலை வாட்ஸ்அப்பில் வாங்கி வையுங்கள். ஸ்டாண்டு ஸ்பிரிங்கோ ஸ்விட்சோ பின்னால் பழுதானால் இந்தத் தகட்டைக் காட்டித்தான் கையை விரிப்பார்கள்.

5. கழுவுங்கள், இறுக்காமல் வைத்துப் பாருங்கள்

தேவையானவை: ஆலன் கீ செட், இறுக்கத்தை அளந்து காட்டும் சின்ன டார்க் ரெஞ்ச் (இருந்தால்), பழைய பல் துலக்கி, கொஞ்சம் பெட்ரோல் அல்லது பிரேக் கிளீனர், போல்ட் தளராமல் மரையில் போடும் நீல நிறப் பசையான லாக்டைட் 243. சின்ன பாட்டிலே சில நூறு ரூபாய் ஆகும், ஆனால் வண்டியின் மற்ற வேலைகளுக்கும் வருஷக்கணக்கில் வரும். சிவப்பு வகையை வாங்கிவிடாதீர்கள், அதைக் கழற்ற வேண்டுமென்றால் நெருப்பு காட்ட வேண்டும்.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போடுங்கள். சென்டர் ஸ்டாண்டு இல்லாவிட்டால் பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டு, அதுவும் இல்லாவிட்டால் நம்பிக்கையான ஒருவர் வண்டியில் உட்கார்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும். செங்கல்லை அண்டக் கொடுத்துவிட்டு அடியில் தலையை விடும் வேலை வேண்டாம். சைடு ஸ்டாண்டைக் கீழே இறக்கி, பாதத்தின் அடி, மேல், வெல்டு மேட்டைச் சுற்றி எல்லாம் மண் போகத் தேய்த்துக் கழுவித் துடையுங்கள். ஒரு மணல் துணுக்கு இடையில் மாட்டினால்கூடத் தகடு உட்காராது.

இப்போது லாக்டைட் போடாமல், கை இறுக்கத்தில் மட்டும் மாட்டுங்கள். தகட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லேசான இடைவெளி இருந்தால் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைக்கலாம் என்று சொல்வார்கள். மெல்லிசாக ஒரு படலம் என்றால் சரி. தடிமனாக வைத்தால் ரப்பர் நாளடைவில் அமுங்கும், போல்ட் இறுக்கம் போகும், ஒருநாள் தகடு எங்கேயோ ரோட்டில் கிடக்கும். இடைவெளி பெரிதாக இருக்கிறதென்றால் அது உங்கள் வண்டிக்கான தகடே இல்லை, இப்போதே திருப்பி அனுப்புங்கள்.

6. மடக்கிப் பாருங்கள்

இதைத் தாண்டாமல் போல்ட்டை இறுக்காதீர்கள். ஸ்டாண்டை மெதுவாகக் கையால் மடக்குங்கள். அகலமான தகடு இப்போது எதன் பக்கத்தில் போய் நிற்கிறது? செயின், பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்ம், சென்டர் ஸ்டாண்டை மிதிக்கும் கம்பி, சேசிஸ் குழாய், இந்த நாலையும் பாருங்கள். நின்ற இடத்தில் இடிக்கவில்லை என்பது போதாது, பள்ளத்தில் விழுந்து சஸ்பென்ஷன் அமுங்கும்போது ஸ்விங் ஆர்ம் மேலே வரும்.

இதற்கு ஒரு சமையலறை வித்தை உண்டு. கெட்டியாகப் பிசைந்த சப்பாத்தி மாவை விரல் தடிமனுக்கு உருட்டித் தகட்டின் உள் விளிம்பில் ஒட்டுங்கள். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, இரண்டு பேர் உட்கார்ந்து, பிரேக் பிடித்துக்கொண்டு நன்றாகக் குதித்து அமுக்குங்கள். பிறகு மாவைப் பாருங்கள். எங்கேயாவது நசுங்கி ஒரு சென்டிமீட்டருக்கும் கீழே போயிருந்தால் அந்தப் பக்கத் தகட்டை அரம் வைத்துத் தேய்த்துக் குறைக்க வேண்டும். அலுமினியம் என்றால் பத்து நிமிட வேலை. மாவைத் துடைத்து எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் எறும்பு.

வெளிப் பக்கமும் பாருங்கள். மடக்கிய நிலையில் தகடு ஃபுட்ரெஸ்ட்டை விட வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இடது வளைவில் அதிகம் சாய்க்கும்போது முதலில் ரோட்டைத் தொடுவது அதுவாகத்தான் இருக்கும். ஃபுட்ரெஸ்ட் தொட்டால் மடங்கிக்கொள்ளும், இது மடங்காது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் போய் இதைக் கண்டுபிடிக்க வேண்டாம்.

7. ஸ்பிரிங்கும் ஸ்விட்சும்

ஸ்டாண்டு இறங்கியிருக்கும்போது கியர் போட்டால் என்ஜின் அணையும் ஸ்விட்ச், ஸ்டாண்டு சுழலும் அச்சின் பக்கம் இருக்கிறது. நுனியில் கனம் கூடினால், கரடுமுரடான பாதையில் ஸ்டாண்டு துள்ளித் துள்ளி இறங்கப் பார்க்கும், ஸ்விட்ச் ஒரு கணம் "ஸ்டாண்டு கீழே" என்று நினைத்து என்ஜினை நிறுத்தும். ஏற்றத்தில், சரளையில், ஓடிக்கொண்டிருக்கும்போது. பலர் பெட்ரோல் பம்ப், பிளக் என்று எங்கெங்கோ தேடுவார்கள், காரணம் இந்தத் தகடாக இருக்கும்.

மடக்கிய ஸ்டாண்டைக் கையால் தட்டிப் பாருங்கள். டக்கென்று திரும்பி ஒட்டிக்கொள்ள வேண்டும். சோம்பேறித்தனமாக ஆடினால் அச்சைச் சுத்தம் செய்து கிரீஸ் வையுங்கள், ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் புதிது போடுங்கள். பழைய 411 என்றால் இதை எப்படியும் செய்வது நல்லது.

8. இறுக்குவது

எல்லாம் சரியென்றால் போல்ட்களைக் கழற்றி, மரைகளை எண்ணெய்ப் பசை போகத் துடைத்துக் காயவிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு லாக்டைட். கூடவே நைலான் வளையம் உள்ள லாக் நட் கொடுத்திருந்தால் லாக்டைட் வேண்டாம், ஏதாவது ஒன்று போதும். ஒரு போல்ட்டை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். தகட்டோடு வந்த தாளில் இறுக்க அளவு கொடுத்திருந்தால் அதுதான் கணக்கு. இல்லாவிட்டால் அலுமினிய மரையில் எம்5 போல்ட்டுக்கு 4 முதல் 5 நியூட்டன் மீட்டர், எம்6-க்கு 8 வாக்கில். டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் ஆலன் கீயின் குட்டைப் பக்கத்தைப் பிடித்து இறுக்குங்கள். நீளப் பக்கத்தில் குழாய் மாட்டித் திருகினால் அலுமினிய மரை பிய்த்துக்கொண்டு வரும்.

போல்ட் தலை கீழே இருக்கும் மாதிரி என்றால், ஆலன் குழிக்குள் கொஞ்சம் சிலிக்கான் பசையோ மெழுகோ அடைத்து வையுங்கள். சேறும் கல்லும் அடைத்துக்கொள்ளாது, கழற்றும்போது ஊசியால் தோண்டி எடுத்துவிடலாம்.

மாட்டும் வேலை மொத்தமே அரை மணி, முக்கால் மணி நேரம். ஆனால் லாக்டைட் முழுக்க இறுகுவதற்கு ஒரு நாள் விடுங்கள். பயணத்துக்கு முந்தைய இரவு மாட்டாமல் ஒரு வாரம் முன்னாடியே முடித்துவிட்டால் அடுத்த படிக்கும் நேரம் இருக்கும். மெக்கானிக்கிடம் கொடுத்தால் நூறு இருநூறு கேட்பார், கொடுக்கலாம். ஆனால் மடக்கிப் பார்க்கும் சோதனையை நீங்களே பக்கத்தில் நின்று செய்ய வைக்க வேண்டும்.

9. எப்படி நிற்கிறது?

மாட்டும் முன்பே போனில் சாய்வு காட்டும் செயலியைப் போட்டு, பின்பக்க கேரியர் மேல் குறுக்காக வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். இப்போது பெட்டிகளை நிரப்பி மூன்றாவது தடவை பாருங்கள். இந்த மூன்றாவது எண்தான் முக்கியம், ஏனென்றால் பாரம் ஏறினால் சஸ்பென்ஷன் இறங்கி வண்டி இன்னும் நிமிரும், ஸ்டாண்டின் நீளமோ அப்படியே இருக்கும். இடது கைப்பிடியைப் பிடித்து வண்டியை வலப்பக்கமாக மெல்லத் தள்ளுங்கள். ஒரு கையால் லேசாகத் தள்ளினதிலேயே ஸ்டாண்டு தரையை விட்டுக் கிளம்பினால், பஸ் வேகமாகக் கடக்கும் காற்றே போதும் கவிழ்க்க. பின் சஸ்பென்ஷன் பிரீலோடை (ஸ்பிரிங்கின் முன் இறுக்கம்) கூட்டிப் பாருங்கள், போதாவிட்டால் மெல்லிய தகட்டுக்கு மாறுங்கள்.

நம் ஊரில் ரோட்டின் இடது ஓரம் பொதுவாக இடப்பக்கம் சரிந்திருக்கும். அங்கே நிறுத்தினால் ஸ்டாண்டு தாழ்ந்த பக்கம், வண்டி நன்றாகச் சாய்ந்து நிற்கும். டீக்கடை எதிர்ப்பக்கம் இருக்கிறதென்று வலது ஓரத்தில் போய் அதே திசை பார்த்து நிறுத்தினால் சரிவு தலைகீழாகிவிடும், ஸ்டாண்டு மேட்டுப் பக்கம், வண்டி நெட்டுக்குத்தாக நிற்கும். தகடு மாட்டிய பிறகு விழும் வண்டிகள் பெரும்பாலும் இப்படி நிறுத்தியவைதான். எங்கே நிறுத்தினாலும் முதல் கியரில் விட்டு நிறுத்துங்கள்.

இன்னொன்று, தகடு அகலமாகிவிட்டது என்பதற்காக சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் ஃபுட்ரெஸ்ட்டில் ஏறி நின்று காலைப் போடுவது வேண்டாம். மண்ணில் இறங்காவிட்டாலும் அந்தப் பாரம் முழுக்க ஸ்டாண்டின் அச்சு போல்ட்டுக்கும் சேசிஸில் அது பிடித்திருக்கும் இடத்துக்கும்தான் போகிறது.

10. அப்புறம்

முதல் நூறு கிலோமீட்டரில் ஒரு தடவை போல்ட்களைச் சரிபாருங்கள். ஸ்டாண்டின் பெயிண்ட் அமுங்கி இறுக்கம் கொஞ்சம் விட்டிருக்கும். தளர்ந்த போல்ட்டை அப்படியே திருகாமல் வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி லாக்டைட் போட்டு இறுக்குங்கள், உடைந்த லாக்டைட் திரும்பப் பிடிக்காது. அதற்குப் பிறகு செயினுக்கு எண்ணெய் போடும்போதெல்லாம் ஒரு பார்வை. கடற்கரைப் பக்கம் போய் வந்தால் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், அலுமினியத் தகடும் ஸ்டீல் போல்ட்டும் சேருமிடத்தில் உப்பு தங்கினால் வெள்ளையாகப் பூத்துப் பிடித்துக்கொள்ளும்.

ஈர மணலிலும் வயல் சேற்றிலும் இந்தத் தகடும் இறங்கத்தான் செய்யும், ஆனால் மெதுவாக. நிறுத்திவிட்டு உடனே நகராமல் ஒரு நிமிடம் பக்கத்தில் நின்று பாருங்கள். இறங்குகிறதென்று தெரிந்தால் தட்டைக் கல்லோ பலகைத் துண்டோ தேடி அடியில் கொடுங்கள். டூல் பையில் அதே அளவு போல்ட் இரண்டும், அதற்கான ஆலன் கீயும் போட்டு வையுங்கள். வண்டியோடு வரும் டூல் கிட்டில் அந்த அளவு கீ இருக்குமென்று எதிர்பார்க்க வேண்டாம்.